இரண்டாவது ஸாம்பிளில் ஒரு கொலை

ட்ர்ரிங்... ட்ர்ரிங்... ட்ர்ரிங்...

லேடில் மேடையில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

பதினோரு தடவை! எடுக்க ஆள் இல்லை!

முந்நூறு மீட்டர் தள்ளி, லேப் கட்டடத்தின் மாடியில், ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு டீச்சர் நின்றிருந்தாள். மூன்று வருஷத்தில் அந்த ஃபோன் இரண்டாவது மணியைத் தாண்டியது கிடையாது. முதல் மணி முடிவதற்குள், 'சொல்லுங்க டீச்சர்' என்று அந்தக் குரல் வந்துவிடும்.

இன்றைக்கு வரவில்லை.

அவள் முன்னால் இருந்த மெஷினின் திரையில் ஒரு நம்பர். இருக்கவே கூடாத நம்பர்...!

பன்னிரண்டாவது மணி அடிக்கும்போது தொழிற்சாலையின் அபாயச் சங்கு ஊதியது.

*

டீச்சர் என்றதும் கரும்பலகை, சாக்பீஸ் என்று கற்பனையை ஓட்டிவிடாதீர்கள்.

அவள் ஓர் உருக்காலையின் லேப் கெமிஸ்ட். இரும்புக்கு மார்க் போடுவது வேலை. வயசு நாற்பத்தி நாலு. கல்யாணம் நடந்தது, ஒன்றரை வருஷத்தில் முடிந்தும் போனது. அப்பா, அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. தம்பி ஒருத்தன் வெளியூரில். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணுவான். அக்கா சாப்பிட்டியா, உடம்பைப் பாத்துக்கோ, வெச்சிடட்டுமா... நாற்பது செகண்ட். ஒரு தடவை கடிகாரம் வைத்தே பார்த்திருக்கிறாள்.

வீட்டில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு. இரண்டாவது தட்டு வாங்கினால் யாருக்கு என்று கடைக்காரன் கேட்டுவிடுவானோ என்று பயந்து, வாங்காமலே இருந்துவிட்டாள்.

இப்போது ஒரு நிமிஷப் பாடம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

இரும்பை உலையில் உருக்கிவிட்டால் ஜோலி முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை. பாதிதான் முடிந்தது. மீதிப் பாதி லேடிலில். லேடில் என்பது ஒரு ராட்சத வாளி. அறுபது டன் இரும்புக் குழம்பை அதில் ஊற்றி, மேடையில் கொண்டுவந்து வைப்பார்கள். மேலே சுண்ணாம்பு. அடியில் இருக்கிற துவாரக் கல் வழியாக ஆர்கான் வாயு. குழம்பு புரளும், கொதிக்கும். இரும்பைக் கெடுக்கிற கந்தகம் சுண்ணாம்போடு ஒட்டிக்கொண்டு மேலே போய்விடும். இருபது நிமிஷம் இப்படிப் புரட்டினால்தான் அது நல்ல இரும்பு. புரட்டாமல் விட்டால், எங்கேயோ ஒரு கிரேன் கொக்கியில் போய் உட்கார்ந்துகொண்டு, ஒருநாள் படக்கென்று ஒடியும். கீழே யார் நிற்கிறார்களோ, அவர்கள் பாடு!

புரட்டுவதற்கு முன்னால் ஒரு ஸாம்பிள். புரட்டின பிறகு ஒரு ஸாம்பிள். குழம்பிலிருந்து கொஞ்சம் மொண்டு, வட்டமாக உறையவைத்து, டப்பாவில் போட்டுக் காற்றுக் குழாயில் தள்ளினால், விர்ரென்று லேபில் வந்து விழும். டீச்சர் அதை மெஷினில் வைத்துப் பார்த்து, ஃபோனில் மார்க் சொல்லுவாள்.

அந்த ஃபோனின் மறுமுனைதான் அவளுக்கு டீச்சர் என்று பேர் வைத்தது.

முதல் நாள், யார் பேசறது என்று கேட்டாள். லேடில் மேடைங்க என்று பதில் வந்தது. கனமான குரல். அவசரம் இல்லாத குரல். அவ்வளவுதான் அறிமுகம். அப்புறம் ஒரு நாளைக்கு ஆறு வாளி, வாளிக்கு இரண்டு ஸாம்பிள், இரண்டுக்கும் நடுவில் இருபது நிமிஷம். இரும்பு புரளும். இவர்கள் பேசுவார்கள். மழை, முதுகுவலி, நேற்று வராத தூக்கம், வீட்டுச் சுவரில் ஒரு பல்லி. உலகத்தில் யாருக்கும் தேவைப்படாத விஷயங்கள்!

அவன் ஒரு தடவைகூடத் தன் பேரைச் சொன்னதில்லை. அவளும் கேட்கவில்லை. லேடில் மேடையின் கண்ணாடிக் கூண்டில் உட்காருகிறவன் லேடில் ஆபரேட்டர். ஷிஃப்ட் பட்டியலில் அப்படித்தான் போட்டிருக்கிறது. வேறு யார் அந்த ஃபோனை எடுக்கப் போகிறார்கள்? ஒருநாள் நேரில் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பி, கை கழுவுகிற இடத்துக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

லேபுக்கு மெமோ அனுப்புகிற ஆள் ஒருத்தர் இருந்தார், லேடில் மேடைக்கு மேலதிகாரி. ஃபோர்மேன். 'ரிசல்ட் மூன்று நிமிடம் தாமதம். விளக்கம் தேவை.' சிவப்பு மையில் எழுதி, கோடு வேறு போட்டிருப்பார். ஆளைப் பார்த்ததில்லை, பார்க்கவும் ஆசையில்லை. அதை அவள் சொல்லிக் குறைப்பட்டால், குரல் சிரிக்கும்.

"அந்தாள் ஒரு சிடுமூஞ்சி டீச்சர். மனசுல போட்டுக்காதீங்க."

நாளெல்லாம் அவள் பேசுவது அந்தக் குரலோடு மட்டும்தான். அவளுக்கு அது வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு இருந்ததே அது ஒன்றுதான்.

*

அன்றைக்குக் காலை, பத்து ஐம்பத்திரண்டு. மூன்றாவது வாளி. முதல் ஸாம்பிள் வந்து விழுந்தது.

"கந்தகம் முப்பத்தி நாலு," என்றாள். "பத்துக்குக் கீழ வரணும். பையன் ஃபெயில்."

"புரட்டி எடுத்துட்டா பாஸாயிடுவான் டீச்சர். ஆர்கான் திறந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு..." குரல் நின்றது. "என்னது இது, குழம்பு மேல அசைவே காணோம்?"

"மீட்டர் பாருங்க."

"மீட்டர்ல வாயு ஓடுது. கீழ குழியில புஸ்ஸுனு ஒரு சத்தம் கேக்குது. குழாய் கழண்டிருக்கும் போல. இறங்கிப் பாத்துட்டு வந்துடறேன். லைன்லயே இருங்க."

"சரி."

அவள் லைனிலேயே இருந்தாள். ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். எட்டு நிமிஷம்.

மறுமுனையில் யாரோ நடந்துவரும் சத்தம். ரிசீவரை எடுக்கும் சத்தம். மூச்சு.

"என்ன ஆச்சு, கசிவா?" என்று கேட்டாள்.

பதில் இல்லை.

க்ளிக்!

பத்து நிமிஷம் கழித்து இரண்டாவது ஸாம்பிள் வந்தது. கந்தகம் எட்டு. பிரமாதமான இரும்பு. ஆனால், அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் அவள் கண் தற்செயலாகப் போனது.

செம்பு!

முதல் ஸாம்பிளில் செம்பு இருபத்தொன்று. இரண்டாவதில் பதிமூன்று!

கந்தகத்தை எடுக்கலாம். கரியைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் பழைய இரும்போடு வந்து சேர்ந்த செம்பை எந்த வாளியில் போட்டு எத்தனை நாள் புரட்டினாலும் எடுக்க முடியாது. உலையில் எவ்வளவோ, கடைசிவரைக்கும் அவ்வளவு. அதனால்தான் லேபில் யாரும் இரண்டாவது தடவை செம்பைப் பார்ப்பதே இல்லை. மாறாததைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

மாறியிருந்தது. மூன்று தடவை வைத்துப் பார்த்தாள். பதிமூன்று, பதிமூன்று, பதிமூன்று. நேற்றைய ரெஜிஸ்டரைப் புரட்டினாள். நேற்று வந்த நாலாவது வாளியில் செம்பு பதிமூன்று.

யாரோ நேற்றைய இரும்பை இன்றைக்கு அனுப்பியிருக்கிறார்கள்...!

அப்போதுதான் அவள் லேடில் மேடைக்கு ஃபோன் போட்டாள். பதினோரு தடவை அடித்தும் யாரும் எடுக்காத அந்த ஃபோன்.

*

வாளியைத் தூக்கிக்கொண்டு போன கிரேன் டிரைவர்தான் மேலேயிருந்து முதலில் பார்த்தாராம். மேடைக்கு அடியில் இருக்கிற குழியில் ஒரு மஞ்சள் ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குக் கீழே ஃபோர்மேன்.

காயம் இல்லை. ரத்தம் இல்லை. தூங்குகிற மாதிரி முகம்.

மத்தியானம் லேபுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். குட்டை உருவம், பெரிய கைக்குட்டை. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. உட்காரலாமா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் உட்கார்ந்துகொண்டார்.

"ஆர்கானுக்கு வாசனை கிடையாதாமே?"

"கிடையாது சார். நிறமும் கிடையாது. காத்தைவிட கனம். குழியில தேங்கி நிக்கும். உள்ள போனா ரெண்டு மூச்சுல மயக்கம், அப்புறம் அவ்வளவுதான்."

"அது உங்க ஆளுங்களுக்குத் தெரியாதா?"

"எல்லாருக்கும் தெரியும். அதுக்குத்தான் குழி வாசல்ல அலாரம் வெச்சிருக்கு. காத்து கம்மியானா கத்தும். கத்தலைன்னா தைரியமா இறங்குவாங்க."

"கத்தலை. ஏன் கத்தலைன்னு போய்ப் பாத்தேன். ஒயரை ஒருத்தர் கட்டிங் பிளேயர் வெச்சு நறுக்கியிருக்கார். அழகா, சுத்தமா. ஆர்கான் குழாயையும் கழட்டிக் குழியில விட்டிருக்கார்." இன்ஸ்பெக்டர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆக்ஸிடென்ட் இல்லம்மா. கொலை."



அந்த நேரத்தில் மேடையில் இருந்தது மொத்தம் இரண்டே பேர் என்றார் அவர். ஃபோர்மேன் ஒருத்தர், ஆபரேட்டர் ஒருத்தர். உதவிக்கு இருக்கிற ஆள் லீவு. ஆபரேட்டரைக் கேட்டால், கூண்டை விட்டு நகரவே இல்லை, வாளியைப் புரட்டிக்கொண்டிருந்தேன் என்கிறார். வாயு மீட்டரும் அதைத்தான் சொல்கிறது, ஆனால் மீட்டருக்குக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாது.

"டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச்ல பாத்தேன். பத்து அம்பத்திரண்டுலேர்ந்து பதினொண்ணு நாலு வரைக்கும் கூண்டு ஃபோன் உங்க லேபோட பேசியிருக்கு. பேசினது யாரும்மா?"

டீச்சர் கணக்குப் போட்டாள். அவளுக்கு வேண்டாத கணக்கு, ஆனாலும் தானாகவே போட்டுக்கொண்டது.

குழிக்குப் போகிறேன் என்று குரல் சொன்னது. போனது. குழியில் ஃபோர்மேன் செத்தார். எட்டு நிமிஷம் கழித்து யாரோ திரும்பி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் ஃபோனை வைத்தார்கள். அப்புறம் ஒரு பொய் ஸாம்பிள். வாளியைப் புரட்டாத திருட்டை மறைக்க நேற்றைய இரும்பு.

கூட்டினால் ஒரே விடைதான். அவளுடைய குரல் ஒரு கொலைகாரன்!

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. போன வாரம் பூராவும் அந்தக் குரல் பழைய வாளிகளின் செம்பு நம்பர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டது. எதுக்கு என்று கேட்டாள். சும்மாதான், நீங்க நம்பர் படிச்சா கேக்க நல்லாருக்கு என்றது. அவள் எதையும் எதோடும் ஒப்பிடாமல் ஒரு மணி நேரம் படித்தாள். செம்பைப் பற்றி அவ்வளவு தெரிந்தவன், செம்பில் போய் மாட்டிக்கொள்வானா?

அந்த உறுத்தலை அவள் அப்படியே அமுக்கினாள். யோசித்தால் பதில் வந்துவிடும். இன்ஸ்பெக்டர் காத்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அவனைக் கொண்டுபோய்விடுவார்கள். நாளைக்குக் காலை ஃபோன் அடிக்கும், வேறு யாரோ எடுப்பார்கள். அதற்கப்புறம் அவள் வாழ்க்கையில் மிச்சம் ஞாயிற்றுக்கிழமை நாற்பது செகண்ட்.

"ஆபரேட்டர்தான் சார்," என்றாள். "பதினொண்ணு நாலு வரைக்கும் என்கிட்ட பேசிட்டே இருந்தார்."

"நடுவுல எங்கயும் எழுந்து போகலையா?"

"இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அந்த வாளி இரும்பு வார்ப்பு மேடையில அச்சுல ஊத்தறப்போ பாதியிலயே அடைச்சுக்கிச்சாமே. சரியாப் புரட்டாத இரும்புதான் அப்படி அடைக்கும்னு சொல்றாங்க."

"நல்லாப் புரட்டினாலும் சில நேரம் அடைக்கும் சார்."

மூன்று பொய். வரிசையாக. நாற்பத்தி நாலு வருஷம் சேர்த்துவைத்த நேர்மையை ஒரே மத்தியானத்தில் செலவழித்துவிட்டாள்!

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். நாளைக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். படியிறங்குவதற்கு முன்னால் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க தனியாவா இருக்கீங்கம்மா?"

"ஆமா சார்."

"ம்," என்றார், அதில் என்ன புரிந்துகொண்டாரோ.

*

மறுநாள் காலை லேப் செத்துக் கிடந்தது.

விசாரணை முடியும்வரை லேடில் மேடைக்குப் பூட்டு. ஸாம்பிள் இல்லை. காற்றுக் குழாய் சும்மா இருந்தது. டீச்சர் மூன்று தடவை ரிசீவரை எடுத்து, லைன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைத்தாள். இருந்தது. கொர்ர்ர் என்று அது மட்டும் பேசியது.

செத்துப்போன ஃபோர்மேனை நினைத்து வருத்தப்படப் பார்த்தாள். வரவில்லை. சிவப்பு மைதான் ஞாபகம் வந்தது. ஒரு மனுஷன் செத்ததற்கு வருத்தப்படாமல், கொன்றவனுக்காகக் கலங்குகிறோமே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. அதையும் மீறி ஒரு சின்னச் சந்தோஷம்... இன்றைக்கு அவனைப் பார்க்கப் போகிறாள்!

மத்தியானம் இரண்டு மணிக்கு தொழிற்சாலை வாசலில் இருக்கிற டைம் ஆபீஸுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு கொலைகாரனைப் பார்க்கப் போகிறவள் பவுடர் போட்டுக்கொண்டாள். எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் போட்டுக்கொண்டாள். தலையை இரண்டு தடவை வாரினாள்.

டைம் ஆபீஸில் ஒரு நீள மேஜை, நாலு நாற்காலி, ஒரு மின்விசிறி. இன்ஸ்பெக்டர் நடுவில். வாசலில் ஒரு கான்ஸ்டபிள். எதிரில் அவன்.

அவள் நினைத்துவைத்திருந்த ஆள் இல்லை. நெடுநெடுவென்று, கழுத்து நீண்டு, கண் ஓரிடத்தில் நிற்காத ஆள். பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள். முகத்தோடா மூன்று வருஷம் பேசினோம்?

அவன் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தைப் படித்தார். பத்து ஐம்பத்திரண்டு முதல் பதினொன்று நாலு வரை மேற்படி ஆபரேட்டர் என்னுடன் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். சரிதானே என்று ஆபரேட்டரைக் கேட்டார். தலையாட்டல். எங்கேயும் எழுந்து போகவில்லையே? தலையாட்டல். வாயைத் திறந்து சொல்லலாமே என்றார். அவன் தொண்டையைத் தொட்டுக்காட்டி இருமினான். தூசியாம்.

டீச்சர் காத்திருந்தாள். என்மேல் கோபமோ? கொலையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பயமோ? எதுவாக இருந்தாலும் சரி. அந்தக் குரலில் ஒரே ஒரு தடவை 'டீச்சர்' என்று கேட்டால் போதும். அதற்காக அல்லவா இத்தனையும்!

பேனாவை வாங்கிக்கொண்டாள். தாளில் வைத்தாள். எடுத்தாள்.

"ஒரு வார்த்தை பேசுங்க," என்றாள் அவனிடம். "உங்களுக்காக நான் கையெழுத்துப் போடறேன். ஒரே ஒரு வார்த்தை."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையைக் கீழே வைத்தார்.

ஆபரேட்டர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். வேறு வழியில்லை.

"தேங்க்ஸ் மேடம்," என்றான்.

கீச்சுக் குரல்! மூக்கிலிருந்து வருகிற, மெல்லிசான, இதற்கு முன் ஜென்மத்தில் கேட்டே இராத குரல்!

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நீங்க யாரு?" என்றாள்.

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"நீங்க யாரு? எங்க அவர்? என்கிட்ட பேசறவர் எங்க?"

ஆபரேட்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். மேடத்துக்கு உடம்பு சரியில்லை போல என்று முணுமுணுத்தான். இன்ஸ்பெக்டர் அவனைச் சட்டையே செய்யவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு பழைய செல்ஃபோனை எடுத்து மேஜைமேல் வைத்தார். மூலையில் விரிசல் விட்ட ஃபோன்.

"நேத்துலேர்ந்து எனக்கு ஒரு சந்தேகம்மா. இது ஃபோர்மேனோடது. அவருக்குக் குடும்பம் இல்ல, குழந்தை இல்ல. பள்ளிக்கூடம் பக்கம் போற வயசும் இல்ல. ஆனா இதுல ஒரு டீச்சரைப் பத்திப் பேசியிருக்கார். ஊர்ல இருக்கிற அத்தனை ஸ்கூல்லயும் விசாரிச்சுட்டேன். ஒரு டீச்சருக்கும் அவரைத் தெரியல. நீங்க கொஞ்சம் கேளுங்க."

பொத்தானை அழுத்தினார்.

கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம்...

"இது எனக்காகப் பதிவு பண்ணிக்கறது. நாலாம் தேதி, ரெண்டாவது வாளி. முதல் ஸாம்பிள் செம்பு பத்தொம்பது, ரெண்டாவது பதினஞ்சு. ஏழாம் தேதி, அஞ்சாவது வாளி. முதல்ல இருபத்தி நாலு, அப்புறம் பதினஞ்சு. நான் இல்லாத ஷிஃப்ட்ல ஆபரேட்டர் நேரத்தை மிச்சம் பிடிக்கறதுக்காகப் புரட்டாமலே வாளியை அனுப்பறான். கையில நல்ல ஸாம்பிள் நாலஞ்சு வெச்சுக்கிட்டு மாத்தி மாத்தி லேபுக்கு விடறான். ஒரு கொக்கி ஒடிஞ்சாச்சு, அடுத்தது ஒடியறதுக்குள்ள மேல எழுதிக் குடுக்கணும்..."

கனமான குரல். அவசரம் இல்லாத குரல்.

"...நம்பரெல்லாம் டீச்சர் படிச்சது. பாவம், எதுக்குன்னு தெரியாமலே படிச்சாங்க. விவகாரம் முடியற வரைக்கும் அவங்களை இதுல இழுக்க வேணாம். முடிஞ்சதும் நேர்ல போய்ச் சொல்லிடணும், கூண்டுல உக்காந்து பேசறது யாருன்னு. அந்த மெமோவுக்கெல்லாம் ஸாரியும் கேக்கணும். ரிசல்ட் லேட்டானா மேல கேள்வி கேக்கறாங்க, லேட்டாகறதே நான் பேசறதாலதான்னு எப்படி எழுதறது."

பதிவு நின்றது.

டீச்சர் அழவில்லை. உடனே அழுகை வரவில்லை. சிடுமூஞ்சி, மனசுல போட்டுக்காதீங்க என்று சொல்லிச் சிரித்தது யார் என்று இப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு வாளிக்கும் ஆபரேட்டரை வெளியே அனுப்பிவிட்டு, கூண்டில் வந்து உட்கார்ந்து ஃபோனைப் பிடித்துக்கொண்டது யார் என்று தெரிந்தது. அவள் லைனில் காத்திருந்த அந்த எட்டு நிமிஷத்தில் குழியில் கிடந்தது யார் என்றும் தெரிந்தது.

யாரை இழக்கக் கூடாது என்று மூன்று பொய் சொன்னாளோ, அவரை அவள் பொய் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே இழந்துவிட்டிருந்தாள். மூன்று பொய்யையும் தூக்கி, அவரைக் கொன்றவன் கையிலேயே கொடுத்திருந்தாள்!

கையிலிருந்த தாளை இரண்டாகக் கிழித்தாள். நாலாகக் கிழித்தாள்.

"சார், எழுதிக்கோங்க," என்றாள். "நேத்து நான் சொன்னது பொய். என்கிட்ட பேசினது ஃபோர்மேன். குழம்பு அசையலை, குழியில சத்தம் கேக்குது, பாத்துட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனார். லைன்லயே இருங்கன்னார். எட்டு நிமிஷம் இருந்தேன். அப்புறம் ஒருத்தர் வந்து, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லாம ஃபோனை வெச்சார். வாயைத் திறந்தா இந்தக் கீச்சுக் குரல் வெளிய வந்துடும்னு திறக்கலை."

"பொய்!" ஆபரேட்டர் எழுந்தான். நேற்று ஒன்று சொல்கிறாள், இன்றைக்கு ஒன்று சொல்கிறாள், பைத்தியக்காரி பேச்சை எந்தக் கோர்ட்டும் ஏற்காது என்று கீச்சினான்.

"என் பேச்சு வேணாம்," என்றாள் டீச்சர். "பதினொண்ணு பதினாலுக்கு எனக்கு ரெண்டாவது ஸாம்பிள் வந்துது. பெட்டியில பத்திரமா இருக்கு. அதுல செம்பு பதிமூணு. அந்த வாளியோட செம்பு இருபத்தொண்ணு. வார்ப்பு மேடையில அடைச்சுக்கிட்ட இரும்பை எடுத்து யார் வேணா பாத்துக்கட்டும், இருபத்தொண்ணுதான் இருக்கும். எனக்கு வந்தது முந்தின நாள் இரும்பு. ஃபோர்மேன் குழியில செத்துக் கிடக்கறப்போ அதை அனுப்பினது யாரு? மேடையில உயிரோட இருந்தது நீங்க ஒருத்தர்தான்."

அவன் ஒரு அடி பின்னால் வைத்தான்.

"அவசரத்துல கைக்குக் கிடைச்ச ஸாம்பிளைப் போட்டுட்டீங்க. கந்தகம் சரியா இருந்தா போதும், செம்பை எந்த லேபும் ரெண்டாவது தடவை பாக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். நானும் இத்தனை நாள் பாத்ததில்ல." நிறுத்தினாள். "அது என் தப்பு. பாத்திருந்தா அவர் தனியா இதைத் தேடிக்கிட்டு அலைஞ்சிருக்க மாட்டார்."

கான்ஸ்டபிள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். ஆபரேட்டர் நாற்காலியில் சரிந்தான். அந்தாள் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தான், மேலே எழுதிக்கொடுத்தால் நான் ஜெயிலுக்குத்தான் போகணும் என்று என்னென்னவோ புலம்பினான். ஜெயிலுக்குப் போகாமல் இருப்பதற்காக ஜெயிலுக்குப் போகிற காரியத்தைச் செய்த புத்திசாலி! இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

அப்புறம் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"பொய் சாட்சி சொன்னது குத்தம்மா. தெரியுமில்ல?"

"தெரியும் சார். என்ன தண்டனையோ குடுங்க."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே கிழிச்சுட்டீங்க. கிழிஞ்ச தாளுக்கு நான் எங்க போய்க் கேஸ் போடறது?" அவர் நோட்டை மூடினார். "அவரோட பாடியை வாங்கிக்க யாரும் வரலை. சொந்தம்னு சொல்ல ஆள் இல்ல."

"நான் வாங்கிக்கறேன்," என்றாள். "இன்னிக்காவது அவரை நேர்ல பாத்துடறேன்."

அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. பவுடர் கரைய அழுதாள். யாரும் தடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் தன் பெரிய கைக்குட்டையை மேஜைமேல் நகர்த்தி வைத்தார். அவள் எடுத்துக்கொள்ளவில்லை. விரிசல் விட்ட ஃபோனைக் காட்டி, இன்னொரு தடவை போடறீங்களா என்று கேட்டாள்.

போட்டார். முடிந்ததும் அவள் எதுவும் கேட்கவில்லை, அவரே இன்னொரு தடவை போட்டார்.

அதற்குள் ஆபரேட்டரின் கையில் விலங்கு ஏறியிருந்தது. வாசலில் நின்று திரும்பி, ஒரே ஒரு ஃபோன் பண்ணிக்கலாமா சார் என்று கீச்சுக் குரலில் கேட்டான்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

"தாராளமா. உனக்கு வேண்டியவங்க யாருக்காவது ஒருத்தருக்குத் தகவல் சொல்லிக்கலாம், சட்டத்துலயே இடம் இருக்கு," என்றார். "லேபுக்கு மட்டும் பண்ணிடாதே."